பத்து வயது ஜெர்மன் செடான்: சிஓஇ புதுப்பிக்கவா, கழித்துவிடவா?

ஈசூன்காரன் | சனி, இரவு 11.20

வணக்கம். வரும் 2025 அக்டோபரில் என் வண்டிக்குப் பத்து வயது முடிகிறது, அதோடு சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமமான சிஓஇயும் முடிகிறது. நான்கு கதவு, பின்சக்கர ஓட்டம், 2 லிட்டர் டர்போ, எட்டு கியர் ஆட்டோமேட்டிக், பிறந்தது ஜெர்மனி. கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கொடி பிடிப்பவர்கள் ஒரு பக்கம், எதிர்க்கொடி ஒரு பக்கம் என்று இழை நாறிவிடும். போன தடவை பார்த்தோமே. டீலர், பட்டறை பெயரையும் யாரும் போட வேண்டாம்.

2015 பதிவு. நான் இரண்டாவது சொந்தக்காரன். 2019இல் 61,000 கி.மீ.யில் வாங்கினேன், இப்போது 138,000.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறே காலுக்கு லெந்தோர் அவென்யூவிலிருந்து சிலேத்தார் விரைவுச்சாலைக்கு ஏறும் வளைவு இருக்கிறதே, அதில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரலுக்கு ரோட்டில் உள்ள ஒவ்வொரு தையலும் தெரியும். வளைவு விடுகிற இடத்தில் பெடலை அழுத்தினால் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவார்கள். அவ்வளவுதான், நான்கு நொடி. அப்புறம் 90 கி.மீ. வரம்பு, கேமரா, முன்னால் ஒரு சிமெண்ட் லாரி. அந்த நான்கு நொடிக்காகத்தான் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன் என்று மனைவியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

இனிக் கெட்டது. வாங்கிய மறு வருடமே, வண்டியை நிறுத்தி இறங்கினால் கருகிய எண்ணெய் வாசனை. ஆயில் ஃபில்டர் உட்காரும் கூட்டின் கேஸ்கெட் காய்ந்து, சூடான பாகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கேஸ்கெட் சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்). அதைத் தொடுவதற்கு முன்னால் இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும், எல்லாம் சேர்த்து 480.

பெரிய கூத்து போன தீபாவளி வாரத்தில். மலேசியா போகும் கடற்பாலத்தில் வண்டி நகரவே இல்லை. பின்னால் மாமியார், மடியில் முறுக்கு டின். திடீரென்று திரையில் மஞ்சள் எச்சரிக்கை, இரண்டு நிமிடத்தில் சிவப்பு. முன்னாலும் பின்னாலும் வண்டி, ஓரங்கட்ட இடமில்லை. ஏசியை அணைத்து ஹீட்டரை முழு அளவில் திருப்பி, நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். என்ஜின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிடும் பழைய தந்திரம் அது. மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மாமியார் மட்டும் ஒன்றும் பேசாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு முறுக்கைக் கடித்தார். ஊசி மெல்ல இறங்கி, ஒருவழியாக ஜோகூர் பக்கம் போய் நிறுத்தினோம். கூலன்ட் தொட்டியின் ஒட்டுவாயில் மயிரிழை விரிசல். தொட்டி, குழாய், தெர்மோஸ்டாட் என்று 900 வெள்ளிக்குக் கிட்ட.

இப்போது என் முன்னால் இருப்பது மூன்று வழி: பத்து வருடம் புதுப்பிப்பது, ஐந்து வருடம் புதுப்பிப்பது, வண்டியைக் கழித்தால் திரும்பி வரும் பார்ஃப் காசை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

எம்ஆர்டி மைந்தன் | சனி, இரவு 11.41

90 கி.மீ. ஊரில் டர்போ. குளத்தில் படகுப்போட்டி விடுங்கள் அண்ணே.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7.05

ஓஎம்வி எவ்வளவு என்று நீங்கள் போடவில்லை. வரிக்கு முந்தைய இறக்குமதி விலைதான் ஓஎம்வி, அந்த வகை வண்டிக்கு 35,000 என்று வைத்துக்கொள்கிறேன். 2015 கணக்குப்படி முதல் 20,000க்கு ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம் நூறு சதவீதம், அடுத்த 15,000க்கு 140 சதவீதம். ஆக 20,000 + 21,000 = 41,000. பத்தாவது வருடத்தில் கழித்தால் அதில் பாதி திரும்பி வரும், அதாவது 20,500. புதுப்பித்தால் இந்தக் காசு போயே போச்சு. பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதுவும் உங்கள் கையிலிருந்து போகிற காசுதான்.

பி பிரிவு (பெரிய என்ஜின் வண்டிகள்) பிக்யூபி, அதாவது புதுப்பிக்கக் கட்டும் தொகை, சிஓஇ ஏல விலையின் மூன்று மாதச் சராசரி, ஒவ்வொரு மாதமும் மாறும். 110,000 என்று வையுங்கள்.

பத்து வருடம்: 110,000 + 20,500 = 130,500. வருடத்துக்கு 13,050.
ஐந்து வருடம்: 55,000 + 20,500 = 75,500. வருடத்துக்கு 15,100.

இழக்கும் பார்ஃப் இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் அதை ஐந்தே வருடத்தில் தின்கிறீர்கள். ஐந்து வருடம் எடுத்தால் அதற்கு மேல் நீட்டவும் முடியாது, வண்டி அதோடு சரி.

புதிது என்றால்? ஓஎம்வி 45,000 என்று பிடித்தால் 2025 அடுக்குகளில் ஏஆர்எஃப் 57,500 வரும். அதன்மேல் 20 சதவீதத் தீர்வை, 9 சதவீத ஜிஎஸ்டி, சிஓஇ. டீலர் லாபமும் சேர்த்து 270,000 என்று வைத்தால், 2025 விதிப்படி பத்தாம் வருட பார்ஃபைக் கழித்த பிறகும் வருடத்துக்கு 24,000 சொச்சம். கடன் 60 சதவீதம்தான் கிடைக்கும், ஆக முதல் நாளே 108,000 கையில் வேண்டும்.

சாலைவரியையும் மறக்காதீர்கள். 2 லிட்டருக்கு இப்போது ஏறக்குறைய 1,200. பத்து வயது தாண்டினால் 10 சதவீதம் கூடுதல், பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி 50இல் நிற்கும். பரிசோதனையும் இரண்டு வருடத்துக்கு ஒன்று என்பது போய் வருடா வருடம்.

ஈசூன்காரன் | ஞாயிறு, காலை 9.30

> ஓஎம்வி எவ்வளவு என்று நீங்கள் போடவில்லை

பிள்ளைவாள், 34,800. கிட்டத்தட்ட சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஐந்து வருடம்தான் புத்திசாலித்தனம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைந்தன் தம்பி, குளமோ கடலோ, துடுப்பு நம் கையில் இருந்தால் போதும்.

ஊபி ஸ்பேனர் | ஞாயிறு, மாலை 4.15

அண்ணே, நான் பட்டறைக்காரன், 19 வருடம். ஒன்று கேட்கிறேன். கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போதாவது மாற்றினீர்களா? ஆறு வருடக் கதை எழுதியிருக்கிறீர்கள், அதில் அது இல்லை.

"லைஃப்டைம் ஃபில்" என்று சொல்லியிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் இசட்எஃப் எட்டு கியர் பெட்டி. அதைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. உங்களுக்கு இரண்டும் கடந்துவிட்டது.

போன மாதம் ஒருவர் இதே மாதிரி வண்டி கொண்டு வந்தார், 150,000 கி.மீ. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது சின்ன இடி. சிக்னலில் நிற்கப் போகிற நேரம் பின்னால் யாரோ லேசாக முட்டியது மாதிரி இருக்கும். அடித்தட்டைக் கழற்றினேன். அந்தத் தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே இருக்கும், அதனால் மாற்றினால் தட்டோடுதான் மாற்ற வேண்டும். எண்ணெய் கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) நிறத்தில் வந்தது. தட்டின் மூலையில் இருக்கும் காந்த வில்லைகளில் சாம்பல்நிறக் களிம்பு, விரலால் தடவினால் வெண்ணெய் மாதிரி. அது இரும்புத் தூள். களிம்பாக இருந்தால் பயமில்லை, வயதுக்கு உரியது. கையில் குத்துகிற மாதிரி சில்லு வந்தால்தான் நான் சொந்தக்காரரை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுப்பேன்.

ஊற்றுவதிலும் வித்தை இருக்கிறது. அளவு பார்க்கக் குச்சி கிடையாது. என்ஜின் ஓட, வண்டி மட்டமாக நிற்க, எண்ணெய்ச் சூடு 30இலிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது பக்கத்துத் திருகைத் திறக்க வேண்டும். கோடாக வழிந்து, நூலாகி, சொட்டாக மாறுகிற நேரத்தில் மூட வேண்டும். சூடு தாண்டிவிட்டால் அளவு தப்பும், ஆறவிட்டுத் திரும்பவும் ஆரம்பிக்க வேண்டியதுதான். அவசரக்காரர்கள் செய்கிற வேலையில்லை இது.

சிஓஇ கட்டும் முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள்:

கூலன்ட் தொட்டி மாற்றிவிட்டீர்கள், நல்லது. தண்ணீர் பம்பு? உங்கள் வகையில் அது மின்சாரத்தில் ஓடுவது. சாகும்போது முன்கூட்டிச் சொல்லாது. நம் ஊர்ச் சூட்டில் பானெட்டுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஒட்டுவாய்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்து நீங்களே பார்க்கலாம்.

இன்டேக் வால்வுகளில் கரி. நேரடி ஊசி என்ஜினில் பெட்ரோல் வால்வைக் கழுவாது, அதனால் படியும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் தடுமாறினால் அதுவாக இருக்கலாம். வால்நட் ஓட்டைப் பொடியாக்கிக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வோம்.

பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கும், எடை சமமாக இருக்கட்டும் என்று. புதிது போட்டால் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரி என்று நினைத்துத் தப்பாக சார்ஜ் ஏற்றும். ரோட்டோரத்தில் வந்து மாற்றிக் கொடுப்பவர்கள் பலர் இதைச் செய்வதில்லை.

என்ஜின் எண்ணெய் திரையில் சொல்லும்போது மாற்றுகிறீர்களா, 8,000இல் மாற்றுகிறீர்களா? அது தெரிந்தால் வண்டி இன்னும் பத்து வருடம் வருமா என்று பாதி சொல்லிவிடுவேன்.

ஈசூன்காரன் | ஞாயிறு, மாலை 6.50

ஸ்பேனர், எண்ணெய் 8,000. கியர்பாக்ஸ்... மாற்றவில்லை. அந்த சின்ன இடி எனக்கும் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாள் என் பிரேக் பிடிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்காங் அக்கா | ஞாயிறு, இரவு 8.12

நானும் இதே ரகம்தான் வைத்திருந்தேன், வேறு கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்து வயது முடிந்தது, விட்டுவிட்டேன். பேப்பரில் கையெழுத்துப் போட்டு, கேஷ்கார்டை உருவிக்கொண்டு, குடையையும் குழந்தையின் ஒற்றைச் செருப்பையும் எடுத்துக்கொண்டு டாக்சியில் வீட்டுக்கு வந்தேன். அந்தச் செருப்பை மூன்று மாதமாகத் தேடியிருந்தோம்.

பிள்ளை அவர்கள் போட்ட 13,050ஐ மாதக்கணக்காகப் பாருங்கள், ஆயிரத்துக்கு மேல். அதன்மேல் வீவக (அரசு அடுக்குமாடி) கார்ப்பேட்டை 110, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ஈஆர்பி சாலைக் கட்டணம். அந்தக் காசுக்கு தினம் கிராப் வாடகை வண்டி எடுத்தாலும் மிச்சம். மழையில் காத்திருப்பேன், நெரிசல் நேரக் கட்டணத்தைத் திட்டுவேன். ஆனால் வொர்க்ஷாப்பிலிருந்து போன் வந்தால் வயிறு கலங்குவது நின்றுவிட்டது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் ஏங்குகிறேன். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குத் தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவேன். ரோடு காலியாகக் கிடக்கும். கண்ணாடி இறக்கி, பாட்டு இல்லாமல், என்ஜின் சத்தம் மட்டும். இப்போது மீன் வீட்டுக்கே வருகிறது.

பழைய ஸ்டியரிங் | திங்கள், காலை 6.02

தம்பி, எனக்கு 71 வயது. தவுக்கே (முதலாளி) ஒருவருக்கு வண்டி ஓட்டிப் பிழைத்தவன். 80களில் அவர் மெர்சிடிஸ் 190ஈ எடுத்தார். 1982இல் வந்த மாடல், எல்லாரும் பேபி பென்ஸ் என்பார்கள். அதுவரை பென்ஸ் என்றால் பெரிய உடம்பு, தவுக்கே பின்னால் சாய்ந்து உட்கார்வார். இது சின்னது, ஆனால் பின்சக்கரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஐந்து கை வைத்துப் பிடித்திருந்தார்கள். மழையில் வளைவில் போட்டால்தான் அதன் அருமை தெரியும். பிஎம்டபிள்யூ 1975லேயே 3 சீரீஸ் என்று சின்ன வண்டி கொண்டு வந்துவிட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் போட்டி போட்டதில்தான் நீங்கள் இன்று பேசுகிற இந்த ரகமே உருவானது.

90 கி.மீ. ஊருக்கு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டது. பழைய அப்பர் தாம்சன் ரோட்டில் 1961இலிருந்து 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயமே நடந்தது தெரியுமா? நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அங்கே குரங்குதான் ரோட்டைக் கடக்கும். ஞாயிறு காலை மெதுவாக அந்த வளைவுகளில் போய்ப் பாருங்கள். நல்ல வண்டியில் 40இல் போனாலும் ருசி தெரியும்.

இன்னொன்று. தவுக்கே அந்த வண்டியை விற்ற நாளில் சாவியை என்னிடம் கொடுத்து, கடைசியாக ஒரு சுற்று நீ மட்டும் போய்விட்டு வா என்றார். கிழக்குக் கடற்கரை வரை போய் வந்தேன். பழைய கதை, விடுங்கள்.

ஐஎஸ் பிரியன் | திங்கள், மதியம் 12.40

ஐயா கதையை விடச் சொன்னால் எப்படி, இன்னும் எழுதுங்கள்.

ஈசூன் அண்ணே, நான் ஜப்பான் கட்சி. லெக்சஸ் ஐஎஸ் 250, 2.5 லிட்டர் வி6, 2008 பதிவு. பெயரைத் தைரியமாகப் போடுகிறேன், ஏனென்றால் குறை ஒன்றும் சொல்லப் போவதில்லை. 2018இல் முப்பதாயிரம் சொச்சத்துக்குப் பத்து வருடம் புதுப்பித்தேன். அப்போது என்னைக் கிறுக்கன் என்றார்கள். இப்போதைய விலையைப் பார்த்துவிட்டு அதே ஆட்கள் என்னைத் தீர்க்கதரிசி என்கிறார்கள். உண்மையில் புது வண்டிக்குக் காசில்லாததால் செய்தது.

உங்கள் வண்டி மாதிரி விரலுக்கு ரோடு தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு சிலிண்டர் 4,000 சுற்றில் பாடும் பாட்டு எந்த நாலு சிலிண்டர் டர்போவிலும் இல்லை. சாலைவரி ஏறக்குறைய 1,800, அதன்மேல் வயதுக்கான 50 சதவீதம். அதைக் கட்டும் நாளில் மட்டும் பாட்டு கொஞ்சம் சுருதி விலகும்.

பத்து வயது தாண்டிய பிறகு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சில கம்பெனிகள் முகம் சுளிக்கும். சிஓஇ கட்டும் முன்பே நாலைந்து இடத்தில் விலை கேட்டு வைத்துவிடுங்கள். 50 சதவீத என்சிடி (இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான தள்ளுபடி) இருந்தால் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்பாலம் | திங்கள், இரவு 10.33

எல்லாரும் என்ஜினையே பேசுகிறீர்கள். டயர்!

இந்த வகை வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ரன்ஃபிளாட் டயர். காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் போகலாம் என்பது கணக்கு. சிங்கப்பூருக்குள் அது போதும், தீவையே கடந்துவிடலாம். மலேசியாவில் கதை வேறு. கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது பாகோ தாண்டி ஒரு குழி. டயர் ஓரத்தில் கோழிமுட்டை அளவு புடைப்பு. ராத்திரி ஒன்பது மணி. மெதுவாக யோங் பெங்கில் இறங்கி, திறந்திருந்த ஒரே டயர் கடையில் கேட்டேன். பின்சக்கரம் 255/40, 18 அங்குலம், அதுவும் ரன்ஃபிளாட். கடைக்காரப் பையன் டயரின் எழுத்தைப் படித்துவிட்டு என்னையும் படித்தான். "நாளைக்கு ஜோகூரிலிருந்து வரும், சாப்பிட்டீர்களா?" என்றான். நானும் மனைவியும் மீன் உருண்டை சாப்பிட்டு லாட்ஜில் தூங்கினோம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குத்தான் டயர் வந்தது.

வந்தவுடன் நான்கையும் கழற்றிச் சாதாரண டயர் போட்டேன். டிக்கியில் ஒரு சின்ன கம்ப்ரசரும் பஞ்சர் பசையும். ரன்ஃபிளாட்டின் பக்கச் சுவர் முரட்டுக் கனம், அது போனதும் வண்டியின் நடையே மாறிவிட்டது. வேகத்தடையில் முன்பு பல் ஆடும், இப்போது இடுப்பு மட்டும்தான் ஆடுகிறது. ஸ்டியரிங் கூர்மை ஒரு நூல் குறைந்தது உண்மை. எனக்குப் பரவாயில்லை.

அப்புறம், 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து விஇபி (வெளிநாட்டு வண்டிக்கான மலேசிய நுழைவு அனுமதி) இல்லாமல் மாட்டினால் 300 ரிங்கிட் அபராதம். இங்கே கிளம்பும்போது டேங்க் முக்கால் இருக்கிறதா பாருங்கள். அங்கே நமக்கு 97 ரகப் பெட்ரோல்தான், மலேசியர்களுக்கான மஞ்சள் குழாய் 95 பக்கம் போகாதீர்கள், யாராவது படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள்.

பேட்டரி பாலன் | செவ்வாய், காலை 8.20

கேஸ்கெட், கியர் எண்ணெய், வால்வு கரி, தண்ணீர் பம்பு. படிக்கவே மூச்சு வாங்குகிறது. மின்சார செடான் எடுங்கள், இந்தப் பட்டியல் முழுக்க மாயம். 110 கிலோவாட் வரை சின்ன வண்டிகளுக்கான ஏ பிரிவு சிஓஇயிலேயே கிடைக்கும், பெட்ரோல் வண்டிக்கு 97 வரைதான். அமுக்கினால் உங்கள் நான்கு நொடி அங்கே தொடக்கத்திலேயே கிடைக்கும்.

ஈசூன்காரன் | செவ்வாய், காலை 8.55

பாலன், மச்சான் வண்டியை ஒரு வாரம் ஓட்டினேன். வேகம் குறை சொல்ல முடியாது. ஆனால் வளைவில் எனக்கு ஒன்றும் வேலை இல்லை, எல்லாவற்றையும் அதுவே செய்துவிடுகிறது. மைக்ரோவேவில் சோறு சூடாக்கியது மாதிரி, பசி அடங்கியது. மாற வேண்டிய நாள் வரும், தெரியும்.

புது லைசென்ஸ் | செவ்வாய், இரவு 11.58

அண்ணன்மாரே, என்எஸ் (தேசிய சேவை) முடித்து இரண்டு வருடம் ஆகிறது, புது ஓட்டுநருக்கான பி-பிளேட் இப்போதுதான் கழற்றினேன். இந்த மாதிரி செடான், சிஓஇ மூன்று வருடம் மிச்சம் உள்ளது, ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விற்பவர் "ஒரே லேடி ஓனர், பாடி டிப்டாப்" என்கிறார். எடுக்கலாமா?

ஊபி ஸ்பேனர் | புதன், காலை 7.44

தம்பி, சிங்கப்பூரில் விற்பனைக்கு வரும் எல்லா வண்டியும் லேடி ஓனர்தான். அந்த லேடியை யாரும் பார்த்ததில்லை.

நீயே நம்பும் பட்டறைக்கு எடுத்துப் போ. விற்பவர் காட்டுகிற பட்டறைக்கு வேண்டாம். என்ஜின் ஆறியிருக்கும்போது போய் முதல் ஸ்டார்ட்டை உன் காதால் கேள். அவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. சர்வீஸ் பில் கேள், புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் சொந்தக்காரர் மற்ற இடத்திலும் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 8.10

கடையில் வாங்கினால், குறையுள்ள பொருளை விற்றவரைப் பொறுப்பாக்கும் எலுமிச்சைச் சட்டம் பழைய வண்டிக்கும் உண்டு, 2012 செப்டம்பரிலிருந்து. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. தேய்மானத்துக்கும், வாங்கும்போதே உனக்குச் சொல்லப்பட்ட குறைக்கும் பொருந்தாது. தனியாள் தனியாளுக்கு விற்றாலும் பொருந்தாது.

பிறகு புது வண்டி எடுக்கும் காலம் வந்தால் ஒன்று நினைவில் வை. வெளிப்பட்டறையில் சர்வீஸ் செய்தாலே வாரண்ட்டி போச்சு என்ற காலம் மலையேறிவிட்டது. 2017இல் போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு பெரிய டீலர்கள் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். வெளிப்பட்டறை செய்த வேலையால் கெட்டது என்று காட்டினால்தான் மறுக்கலாம்.

உன் வயதுக்கு இன்ஷூரன்ஸ் எக்சஸ் (விபத்தில் நீயே கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்று முதலில் கேள். வண்டி ஆசை அங்கேயே பாதி இறங்கும்.

புது லைசென்ஸ் | புதன், இரவு 9.15

கேட்டேன். முக்கால் இறங்கிவிட்டது.

செங்காங் அக்கா | புதன், இரவு 9.31

தம்பி, அந்தக் காசை அம்மாவிடம் கொடுத்து வை.

ஈசூன்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 10.48

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கியர்பாக்ஸ். ஸ்பேனர் சொன்ன மாதிரியே தட்டோடு மாற்றினோம். பட்டறையில் கூடவே நின்றேன். காந்தத்தில் களிம்புதான், சில்லு இல்லை. எண்ணெய் நூலாகி, நூல் சொட்டாகும்போது மெக்கானிக் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகை மூடினார், நானும் மூச்சைப் பிடித்திருந்தேன். அன்று இரவு ஈசூன் அவென்யூ 2 சிக்னலில் நிற்கும்போது அந்த இடி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சும்மா அடுத்த சிக்னல் வரை போய் அங்கேயும் நின்று பார்த்தேன்.

தண்ணீர் பம்பையும் கேட்காமலே மாற்றிவிட்டேன். கடற்பாலத்தில் இரண்டாம் தடவை ஹீட்டர் போட்டால் மாமியார் முறுக்கு டின்னை என் தலையில் வைப்பார்.

பிறகு பிள்ளைவாள் கணக்கை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி படித்தாள். செங்காங் அக்கா எழுதியதையும் படிக்கச் சொன்னேன், மறைக்கவில்லை. அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இதில் ஏறினால் எனக்கு ஏன் இடுப்பு வலிக்கிறது?" பத்து வருட வண்டி, ஆறு வருடக் குடித்தனம், இதை இவள் இதுவரை சொன்னதே இல்லை. நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

ஆக, இரண்டாம்பாலம் சொன்னபடி நான்கும் சாதாரண டயர். நேற்று அவளை முன்சீட்டில் வைத்து நெடுஞ்சாலையில் மச்சாப் ஓய்விடம் வரை ஒரு சோதனை ஓட்டம். கூலாய் தாண்டும்போதே தூங்கிவிட்டாள். மச்சாப்பில் எழுப்ப மனம் வராமல் அப்படியே யோங் பெங் வரை போய்விட்டேன். எழுந்ததும் எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். மீன் உருண்டை வாங்கிக் கொடுத்தேன்.

சிஓஇ பத்து வருடத்துக்குக் கட்டப் போகிறேன். மாதம் முடியுமுன் அடுத்த பிக்யூபி எப்படி வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் மூன்று இடத்தில் கேட்டேன், ஒருவர் மறுத்தார், இருவர் தருகிறார்கள்.

பழைய ஸ்டியரிங் ஐயா, ஒரு ஞாயிறு காலை நேரம் இருந்தால் சொல்லுங்கள். நான் வந்து கூட்டிப் போகிறேன். அப்பர் தாம்சன் வரை நீங்கள் ஓட்டுங்கள்.

கழற்றிய ரன்ஃபிளாட் நான்கும் கார்ப்பேட்டைத் தூணருகே கிடக்கிறது, பின்னவை இரண்டும் பாதித் தேய்வுதான். நகரமன்ற ஆள் பார்த்துக் கத்துவதற்குள் யாருக்கு வேண்டுமோ ஈசூன் வந்து தூக்கிக்கொண்டு போங்கள்.